பள்ளிக்கூடத்துச் சம்பளம்

தமிழில் ஒரு வேடிக்கை உண்டு. பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு மாதாமாதம் நாம் கட்டுவதற்கும் சம்பளம் என்று பெயர். அங்கே அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவர் மாதாமாதம் வாங்குவதற்கும் சம்பளம் என்றுதான் பெயர். இங்கிலீஷ்காரன் இரண்டுக்கும் வேறு வேறு வார்த்தை வைத்திருக்கிறான். நம் பாட்டன்மார் ஒரே வார்த்தையில் ஒப்பேற்றிவிட்டார்கள். அது சொல் பஞ்சத்தால் நேர்ந்தது என்று நான் நினைக்கவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்துக் காலத்தில் இரண்டும் ஒரே காசு. பையன் முந்தானையில் முடிந்துகொண்டு வந்த நாலணாதான் அன்று மாலை வாத்தியார் வீட்டு அரிசி. நடுவே ஒரு தாளாளர் இல்லை, அறக்கட்டளை இல்லை, கட்டட நிதி என்று ஒன்று இல்லவே இல்லை.

இப்போது சென்னையில் யாரும் 'பள்ளிக்கூடச் சம்பளம்' என்று சொல்வதில்லை. 'பீஸ்' என்கிறார்கள். வார்த்தை மாறியதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. பீஸ் குறைவாக இருக்கும் பள்ளிக்கூடம் எது என்று ஊரெல்லாம் விசாரிக்கலாம். அந்தப் பீஸிலிருந்து யார் எவ்வளவு சாப்பிடுகிறார் என்ற நினைப்பு வராது. 'சம்பளம் குறைவான பள்ளிக்கூடம்' என்று பழைய பாஷையில் சொல்லிப் பாருங்கள். கேட்கிறவருக்கு இரண்டு அர்த்தமும் சேர்ந்தே காதில் விழும்.

விலைவாசி ஏறிய பட்டணத்தில் கையைக் கடிக்காத பள்ளிக்கூடம் தேடுவது நம்முடைய தலைமுறைக்கு வந்த புதுத் தொல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி அல்ல. சென்னைப் பட்டணத்துக்கு இந்தக் கவலை 200 வருஷத்துக்கு மேலாக உண்டு. அதைவிட ஆச்சரியம், மலிவாகப் பள்ளிக்கூடம் நடத்துவது எப்படி என்பதை உலகத்துக்குக் கற்றுக் கொடுத்ததே இந்தப் பட்டணம்தான். அந்தக் கதை எழும்பூரில் ஆரம்பிக்கிறது.

ஆண்ட்ரூ பெல் என்று ஒரு ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787-ல் சென்னையில் வந்து இறங்கினார். கெட்டிக்காரர். பட்டாளங்களுக்குக் குருவாக இருக்கும் உத்தியோகங்கள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் சம்பாதித்துக்கொண்டார். 1789-ல், இன்று எழும்பூர் ரெயில் நிலையம் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், வெள்ளைச் சிப்பாய்களின் ஆண் பிள்ளைகளுக்காக ஓர் அநாதை விடுதி ஏற்பட்டது. பெரும்பாலும் தாய் இந்த நாட்டுக்காரி, தகப்பன் செத்தவன் அல்லது கைவிட்டவன். அந்த விடுதிக்குப் பெல் மேற்பார்வையாளர் ஆனார். அதற்காக அவர் சம்பளம் வாங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மற்ற உத்தியோகங்களின் வருமானமே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

விடுதிப் பிள்ளைகளுக்கு எழுத்து ஏறவில்லை. உபாத்தியாயர்களுக்கு அக்கறை இல்லை. இந்த நிலையில் பெல் ஒரு நாள் காலை குதிரைமேல் போகும்போது ஒரு 'மலபார்'ப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். தமிழர்களை அப்போது இங்கிலீஷ்காரர்கள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டிருந்தன. பலகை வேண்டாம், காகிதம் வேண்டாம், மை வேண்டாம். பெல் விடுதிக்குத் திரும்பி, இப்படியே செய்யுங்கள் என்றார். உபாத்தியாயர்கள் முடியாது என்றார்கள். 'சரி, நீங்கள் வேண்டாம்' என்று அவர் எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டுச் சின்ன வகுப்புக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுக்கச் சொன்னார். ஜானி ஃபிரிஸ்கன் என்பது அவன் பெயர். ஒரு சாதாரணச் சிப்பாயின் மகன். பெரியவர்களால் ஆகாதது அவனால் ஆயிற்று.

நம் ஊரில் இதைக் கேட்டு யாரும் மூக்கில் விரலை வைத்திருக்க மாட்டார்கள். சட்டாம்பிள்ளை என்ற ஆசாமி திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எவ்வளவோ காலமாக இருந்து வருகிறவன். கொஞ்சம் பெரிய பையன். வாத்தியார் உள்ளே போய்க் குளித்து, சந்தியை முடித்து, பழையது சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் மற்றவர்களை எழுத வைப்பான், ஒப்புவிக்கச் செய்வான், சமயத்தில் வாத்தியாரைவிடப் பலமாகவே கிள்ளுவான். ஆனால் பெல் பாதிரியார் ஊருக்குத் திரும்பி 1797-ல் இந்த எழும்பூர்ப் பரீட்சையைப் பற்றிப் புஸ்தகம் போட்டபோது இங்கிலாந்தில் பெரிய கிளர்ச்சியே உண்டாயிற்று. அடுத்த வருஷம் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவர் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கி, சட்டாம்பிள்ளைகளை வைத்து ஒரே உபாத்தியாயர் நூற்றுக்கணக்கான பையன்களை மேய்க்கும்படி செய்தார். யார் கண்டுபிடித்தது என்று இருவருடைய கட்சிக்காரர்களும் வருஷக்கணக்காகச் சண்டை போட்டார்கள். சண்டைக்குள் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது: 'மதராஸ் முறை'. பெல் 1832-ல் காலமானபோது அவரை வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். அவர் சொத்தில் ஒரு பங்கைக்கொண்டு அவர் பிறந்த ஸெயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார்கள். இன்றைக்கும் அதன் பெயர் மதராஸ் காலேஜ். அந்தத் திண்ணைச் சட்டாம்பிள்ளைக்கு எந்த ஊரிலும் சிலை இல்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மதராஸ் முறை மலிவாக இருந்ததற்கு மணல் மட்டும் காரணம் அல்ல. மணலில் எவ்வளவு மிச்சமாகிவிடும்? உபாத்தியாயரைக் குறைத்ததுதான் காரணம். நூறு பையன்களுக்கு நாலு பேர் வேண்டிய இடத்தில் ஒருவர் போதும். மீதி மூன்று பேர் வேலையைச் சம்பளம் இல்லாத குழந்தைகள் செய்துவிடும். பள்ளிக்கூடத்தின் விலையை இறக்கப் பிற்காலத்தில் வந்த யோசனைகளை எல்லாம் நான் படித்துப் பார்த்த அளவில், சுற்றிச் சுற்றி இந்த ஒரு யோசனைதான்.

பெல் போன பிறகு கால் நூற்றாண்டு கழித்து சர் தாமஸ் மன்றோ சென்னைக் கவர்னராக இருந்தார். தீவுத்திடலுக்குப் பக்கத்தில் சேணம் இல்லாத குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். 1822-ல் அவர் ஜில்லாக் கலெக்டர்களுக்கெல்லாம் ஓர் உத்தரவு போட்டார்: உங்கள் எல்லையில் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள், எந்தெந்த ஜாதி, என்ன படிப்பு, கணக்கு அனுப்புங்கள். கணக்கு வந்து சேர ஏறக்குறைய மூன்று வருஷம் ஆயிற்று. 1826 மார்ச்சில் மன்றோ அதையெல்லாம் தொகுத்து ஒரு குறிப்பு எழுதினார். ராஜதானி முழுவதும் 12,498 பள்ளிக்கூடங்கள், 1,88,650 பிள்ளைகள். ஒன்றுகூடச் சர்க்கார் நடத்தியது அல்ல என்று சொல்லலாம். இன்றைய பாஷையில் அத்தனையும் தனியார் பள்ளிக்கூடம்.

நான் கணக்கில் சூரன் அல்ல. இரண்டு வருஷம் காலேஜுக்குப் போனதும் அந்தப் பாடத்தில் இல்லை. ஆனாலும் இந்த வகுத்தல் யாருக்கும் வரும். ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சராசரி 15 பிள்ளைகள். பிள்ளை ஒன்றுக்கு மாதச் சம்பளம் நாலணா, ஆறணா, மிஞ்சினால் எட்டணா. பெருக்கிப் பாருங்கள். மூன்றே முக்கால் ரூபாயிலிருந்து ஏழரை ரூபாய் வரை வரும். மன்றோவும் அதைத்தான் எழுதி வைத்தார்: வாத்தியார்களுக்குப் பொதுவாக மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் கிடைப்பதில்லை, தகுதியுள்ள மனிதர்களை இந்தத் தொழிலுக்கு இழுக்க இது போதாது. குதிரைமேல் உட்கார்ந்து கலெக்டர் வேலை பார்த்த மனிதருக்கு வாத்தியாரின் அடுப்பங்கரை தெரிந்திருக்கிறது.

சென்னைப் பட்டணத்துக் கணக்கில் இன்னொரு விசித்திரம். பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளைகளைவிட வீட்டிலேயே படிக்கிற பிள்ளைகள் ஐந்து மடங்கு என்று கலெக்டர் எழுதியிருந்தார். மன்றோ அதை நம்பவில்லை. எங்கோ தப்பு இருக்கிறது என்றார். எனக்கு அவ்வளவு அவநம்பிக்கை இல்லை. எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். ஆனால் பட்டணத்தில் வசதி உள்ளவன் வாத்தியாரை வீட்டுக்கு வரவழைத்துக்கொள்வதும், வசதி இல்லாதவன் தன் பிள்ளைக்குத் தானே அரிச்சுவடி சொல்லித் தருவதும் அன்றைக்கும் நடந்திருக்கும். இன்றைக்கு டியூஷன் இல்லாமல் எந்தப் பள்ளிக்கூடம் நடக்கிறது?

அந்த அறிக்கைகளில் எனக்கு மிகவும் பிடித்தது பல்லாரிக் கலெக்டர் காம்பெல் 1823-ல் அனுப்பியது. அதில் கதாசிரியனுக்கு வேண்டிய விஷயங்கள் இருக்கின்றன. காலை ஆறு மணிக்குப் பள்ளிக்கூடம். முதலில் வருகிற பையன் உள்ளங்கையில் வாத்தியார் சரஸ்வதி என்று எழுதுவார், அது மரியாதை. இரண்டாவது வருகிறவனுக்கு ஒரு சுன்னம். புகழும் இல்லை, இகழும் இல்லை. மூன்றாமவனுக்கு மெதுவாக ஓர் அடி. நாலாமவனுக்கு இரண்டு. அப்படியே ஏறிக்கொண்டு போகும். சென்னையில் பேர்போன பள்ளிக்கூடங்களின் வாசலில் எல்.கே.ஜி. விண்ணப்பத்துக்காக முதல் நாள் இரவே பாயும் தண்ணீர்க் குப்பியுமாகத் தகப்பன்மார்கள் வரிசையில் படுத்திருந்ததைப் பற்றிச் செய்திகள் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பல்லாரிப் பையன்கள் ஞாபகம் வருவார்கள். அங்கே முதலில் வருவது பிள்ளையின் சாமர்த்தியம். இங்கே அது தகப்பனின் கடமை ஆகிவிட்டது.

அதே காம்பெல் இன்னொன்றும் எழுதினார். அவர் ஜில்லாவில் 533 பள்ளிக்கூடங்கள். ஒன்றுக்குச் சுமார் 12 பிள்ளைகள். முன்பு இருந்தவை பல மூடிப் போய்விட்டன. காரணம், நாடு வறுமைப்பட்டுக்கொண்டே வருகிறது. நடுத்தர ஜனங்களாலும் ஏழை ஜனங்களாலும் சம்பளம் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. கை கால் கொஞ்சம் வலுத்ததும் பிள்ளையை வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். கும்பினிக் கலெக்டர் கும்பினிக்கே இப்படி எழுத அந்தக் காலத்தில் நெஞ்சுரம் வேண்டும். நாலணா என்பது நமக்குத்தான் சொற்பம்.

மன்றோ ஒரு திட்டம் போட்டார். தாலுகாவுக்கு ஒரு பள்ளிக்கூடம், அங்கே உபாத்தியாயருக்குச் சர்க்கார் மாதம் ஒன்பது ரூபாய் கொடுக்கும்; ஜில்லாப் பெரிய பள்ளிக்கூடத்தில் பதினைந்து. அதற்குமேல் பிள்ளைகளின் சம்பளமும் அவருக்கே. உபாத்தியாயர் வயிறு நிறைந்தால் நல்ல உபாத்தியாயர் வருவார், நல்ல உபாத்தியாயர் வந்தால் பிள்ளைகள் வரும் என்பது அவர் கணக்கு. 1827-ல் அவர் பத்திகொண்டாவில் காலராவில் இறந்துபோனார். பத்து வருஷத்துக்குள் திட்டத்தையும் கைவிட்டுவிட்டார்கள். இங்கிலீஷ் படிப்புக்குக் கல்கத்தாவில் மெக்காலே கொடி பிடித்த சமயம் அது.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 1837-ல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் அரண்மனைக்காரத் தெரு வட்டாரத்தில் ஒரு வாடகை வீட்டில் 59 பையன்களோடு தொடங்கிய பள்ளிக்கூடந்தான் பிற்பாடு கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. பணம் ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. பட்டணத்து ஜனங்கள் பிள்ளையை அனுப்பினார்கள். 1841-ல் சில பையன்கள் ஞானஸ்நானம் பெற்றதும் அவசரமாகத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். மறு வருஷம் ஜனவரியில் பிராட்வேயில் பச்சையப்பன் பள்ளிக்கூடம் திறந்தது. ஏழை இந்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் இலவசம். பச்சையப்ப முதலியார் 1794-லேயே போய்விட்டவர். அவர் கோவில் தர்மங்களுக்காக எழுதி வைத்த சொத்து கோர்ட்டில் பல வருஷம் கிடந்து, குட்டி போட்டு, அதில் மிஞ்சியதிலிருந்து பள்ளிக்கூடம் வந்தது. ஆக, சம்பளம் குறைய வேண்டுமானால் பின்னால் யாராவது ஒரு கொடையாளி நிற்க வேண்டும். கிளாஸ்கோவில் உயிரோடு இருந்தாலும் சரி, எப்போதோ செத்துப் போயிருந்தாலும் சரி.

1854-ல் சீமையிலிருந்து ஒரு பெரிய சாசனம் வந்தது. தனியார் பள்ளிக்கூடங்களுக்குச் சர்க்கார் உதவிப் பணம் கொடுக்கும். ஆனால் எவ்வளவு சொற்பமாக இருந்தாலும் பிள்ளைகளிடம் ஏதாவது சம்பளம் வசூல் செய்துதான் ஆக வேண்டும் என்று அதில் ஒரு நிபந்தனை. சும்மா கிடைப்பதை ஜனங்கள் மதிக்கமாட்டார்களாம். கொஞ்ச காலம் கழித்து, உதவிப் பணத்தைத் தேறிய பிள்ளைகளின் தலையை எண்ணிக் கொடுக்கும் முறை இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தது. இன்ஸ்பெக்டர் வருகிற ஒரு நாளில் எத்தனை பையன் வாசித்தான், எத்தனை பையன் கணக்குப் போட்டான் என்பதைப் பொறுத்து வாத்தியாரின் வருஷத்துச் சாப்பாடு. அந்த நாளில் ஒரு கெட்டிக்காரப் பையனுக்குக் காய்ச்சல் வந்தால் வாத்தியார் குலதெய்வத்துக்கு முடிந்து வைத்திருப்பார்.

இந்தப் பழைய பள்ளிக்கூடங்களைப் பற்றி ஒரு பெரிய வழக்கே நடந்திருக்கிறது. 1931 அக்டோபரில் காந்தியடிகள் லண்டனில் பேசும்போது, நம்முடைய கல்வியை ஓர் அழகிய மரத்துக்கு ஒப்பிட்டு, வெள்ளைக்காரர்கள் வேரைத் தோண்டிப் பார்த்து அப்படியே விட்டுவிட்டதால் மரம் பட்டுப்போயிற்று என்றார். சர் பிலிப் ஹார்டாக் என்ற கல்வி நிபுணர் எழுந்து ஆதாரம் கேட்டார். கடிதப் போக்குவரத்து வருஷக்கணக்கில் நடந்தது. 1983-ல் தரம்பால் என்ற காந்தியவாதி மன்றோ காலத்துக் கலெக்டர் அறிக்கைகளை எல்லாம் திரட்டி அச்சிட்டு, 'அழகிய மரம்' என்றே அதற்குப் பெயர் வைத்தார். 2009-ல் ஜேம்ஸ் டூலி என்ற இங்கிலீஷ்காரர் அதே பெயரில் இன்னொரு புஸ்தகம் போட்டார். அவர் ஹைதராபாத்தின் பழைய நகரத்துச் சந்துகளில் நுழைந்து, கூலிக்காரர்களும் ரிக்‌ஷாக்காரர்களும் சொந்தக் காசு கொடுத்துப் பிள்ளைகளை அனுப்பும் சின்னச் சின்னத் தனியார் பள்ளிக்கூடங்களைக் கண்டவர். மன்றோவின் கணக்கிலிருந்து தம் கட்சிக்கு வேர் தேடினார்: ஏழைகள் சர்க்காருக்காகக் காத்திருப்பதில்லை, அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

மரம் இருந்தது உண்மை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அதன் நிழலில் யார் உட்கார்ந்தார்கள் என்றும் கேட்க வேண்டும். ஆதிதிராவிடப் பிள்ளை அந்தத் திண்ணையில் ஏற முடியாது. பெண் குழந்தைகள் மிகச் சொற்பம். கர்னல் ஆல்காட் 1894-ல் அடையாற்றுப் பக்கத்தில் பஞ்சமர்களுக்கு இலவசப் பள்ளிக்கூடம் வைத்தபோது இருந்த தேவையும், 1920-ல் சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேளைச் சாப்பாடு போட ஆரம்பித்தபோது இருந்த தேவையும் அதுதான். சோறு போட்டால் வருகிற பிள்ளைகள் என்று ஒரு கூட்டம் இருந்தது. நாலணா கேட்டால் அது வராது. இன்னொன்று, மரத்தைப் புகழ்கிறவர்களும் சரி, மறுக்கிறவர்களும் சரி, மன்றோ எழுதிய ஆறு ஏழு ரூபாயைத் தாண்டிக் குதித்து அந்தண்டை போய்விடுகிறார்கள். மரம் மலிவாகக் காய்த்தது என்றால் தண்ணீர் ஊற்றியவன் பட்டினி கிடந்தான் என்று அர்த்தம்.

சுதந்திரத்துக்குப் பிறகு நம் ராஜ்யத்தில் ஒரு நல்ல காலம் வந்தது. 1956-ல் காமராஜர் மதிய உணவைக் கொண்டுவந்தார். 1960-களின் நடுப்பகுதிக்குள் பள்ளிக்கூடச் சம்பளம் படிப்படியாக எடுபட்டது. உதவி பெறும் பள்ளிக்கூடங்களிலும் உபாத்தியாயருக்குச் சர்க்காரே சம்பளம் கொடுத்தது. அதாவது, ஒரே வார்த்தையாக இருந்த இரண்டு சம்பளங்களும் அப்போதுதான் பிரிந்தன. பிள்ளை கொடுக்க வேண்டாம், வாத்தியாருக்குக் குறைவில்லை. மன்றோ கண்ட கனவைவிட இது ஒரு படி மேல்.

பிரிந்தவை மறுபடி சேர அதிக நாள் ஆகவில்லை. ஜனங்களுக்கு இங்கிலீஷ் வேண்டியிருந்தது. மெட்ரிகுலேஷன் பள்ளிக்கூடங்கள் என்று ஒரு வகை அதுவரை சர்வகலாசாலையின் கீழ் இருந்தன. 1970-களின் பிற்பாதியில் அவை சர்க்கார் இலாகாவுக்கு மாறின. அதன் பிறகு பெருகின பெருக்குக்கு அளவில்லை. வேளச்சேரியில், பெரம்பூரில், ஆதம்பாக்கத்தில், புறநகரில் மனை போட்ட இடத்தில் எல்லாம் ஒரு மாடி வீடு, ஒரு பெயர்ப் பலகை, மஞ்சள் வர்ணம் அடித்த ஒரு வேன். சேர்க்கிறவர்கள் எல்லாரும் பணக்காரர்கள் அல்ல. தையற்காரர், மின்சார வேலைக்காரர், பூக்கட்டி விற்கிற அம்மாள், என்னைப்போல் எழுதிப் பிழைக்கிறவர்.

சில வருஷங்களுக்கு முன் என் அக்காள் பிள்ளை மாயவரத்திலிருந்து சென்னைக்கு மாற்றலாகி வந்தான். ஐந்து வயதில் ஒரு பெண். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வீட்டு வாடகைக்கே போய்விட்டது. "மாமா, நீங்கள் கூட வந்தால் மரியாதையாகப் பேசுவார்கள்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு அலைந்தான். எழுத்தாளனுக்குப் பள்ளிக்கூட வாசலில் என்ன மரியாதை என்பதை நான் விவரிக்க விரும்பவில்லை. முதல் பள்ளிக்கூடத்தில் கேட்ட தொகைக்கு மாயவரத்தில் அவன் தகப்பனார் வீட்டுக்குக் கூரை மாற்றியிருந்தார். இரண்டாவது இடத்தில் தொகை குறைவு. ஆனால் புஸ்தகம், சீருடை, செருப்பு, வேன், வருஷ விழா என்று ஒரு பட்டியல் பின்னால் வந்தது. ஏழாவதோ எட்டாவதோ பார்த்தது கட்டுப்படியாகிற மாதிரி இருந்தது. குறுகிய தெருவில் இரண்டு மாடி வீடு. சமையலறையாகக் கட்டினது யு.கே.ஜி. ஆகியிருந்தது, சுவரில் புகைபோக்கி வைத்த இடம் தெரிந்தது.

தாளாளர் கபடம் இல்லாத மனிதர். "சார், இந்தக் கட்டடத்துக்கு நான் கொடுக்கிற வாடகையை முதலில் எடுத்து வைத்துவிட வேண்டும். கரண்டு, வேன், லைசென்சு. மிச்சம் இருப்பதில்தான் மிஸ்களுக்கு. இதற்குமேல் பீஸை ஏற்றினால் நீங்கள் எதிர்த்த தெருப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவீர்கள்" என்றார். எனக்கு அவரிடம் கோபம் வரவில்லை. திண்ணைக்கு வாடகை இல்லை. யாரோ ஒரு வீட்டுக்காரர் புண்ணியத்துக்கு விட்டிருப்பார், அல்லது வாத்தியார் வீட்டுத் திண்ணையாகவே இருக்கும். வாடகை ஏறின பட்டணத்தில் வீட்டுக்காரன் முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுகிறான். உபாத்தியாயினி கடைசிப் பந்தி.

கட்டடத்தில் மிச்சம் பிடித்தால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். 2004 ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தின் மாடிக் கூரை எரிந்தது. சமையற்கட்டிலிருந்து கிளம்பின தீ. ஒரே கட்டடத்துக்குள் பல வகுப்புகள், குறுகலான மாடிப்படி, மேலே கீற்றுக் கொட்டகை. 94 குழந்தைகள். அன்று மாலை கும்பகோணத்திலிருந்து போன் பண்ணின என் உறவினர் ஒருவர் பேசவே இல்லை, அழுதுவிட்டு வைத்துவிட்டார். அதன் பிறகு பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரை கூடாது என்று உத்தரவு வந்தது. மாடிப்படியின் அகலத்தை நாடா வைத்து அளந்தார்கள். செத்தவர்கள் வீட்டுப் பெற்றோர் எவரும் அசட்டையானவர்கள் அல்ல. பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டும், தங்களால் கட்டக்கூடிய அளவில் படிக்க வேண்டும் என்று நினைத்தார்கள். நாமும் அப்படித்தான் நினைக்கிறோம்.

சர்க்கார் சும்மா இருந்துவிடவில்லை. 2009-ல் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடக் கட்டணத்தை ஒழுங்கு செய்ய ஒரு சட்டம் வந்தது. ஓய்வுபெற்ற ஹைகோர்ட்டு ஜட்ஜின் தலைமையில் ஒரு குழு. பள்ளிக்கூடம் இருக்கிற இடம், வசதி, நிர்வாகச் செலவு எல்லாம் பார்த்து ஒவ்வொன்றுக்கும் இவ்வளவுதான் வாங்கலாம் என்று நிர்ணயிக்கும். அதே வருஷம் பார்லிமெண்டில் நிறைவேறின கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிக்கூடங்களின் ஆரம்ப வகுப்பில் நாலில் ஒரு பங்கு இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு; பணத்தைச் சர்க்கார் கொடுத்துவிடும். நம் ராஜ்யத்தில் 2013-லிருந்து அப்படிச் சேர்க்கத் தொடங்கினார்கள். இடத்தைவிட மனு அதிகமாக வந்தால் சீட்டுக் குலுக்குவது. பெயர் எழுதின சீட்டைக் குழந்தை ஒன்று எடுத்துக் கொடுக்க, தாய்மார்கள் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளையார் கோவிலில் பூக்கட்டிப் பார்ப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. இந்த இரண்டு சட்டங்களும் பெற்றோர் கொடுக்கிற சம்பளத்தைப் பிடித்து இழுக்கின்றன. மறு சம்பளம் அதன் பின்னாலேயே இழுபட்டுப் போகிறது.

அக்காள் பிள்ளையின் பெண்ணை அந்த இரண்டு மாடிப் பள்ளிக்கூடத்தில்தான் சேர்த்தோம். மாடிப்படி அகலமாக இருந்ததை நான் ஏறி இறங்கிப் பார்த்துக்கொண்டேன். அவள் வகுப்பு உபாத்தியாயினிக்கு இருபத்தெட்டு வயது இருக்கும், எம்.எஸ்ஸி., பி.எட். ஒரு நாள் பெண்ணை அழைத்துவரப் போன இடத்தில் பேச்சுக் கொடுத்தேன். பன்னிரண்டாயிரத்துக்குக் கையெழுத்து, கையில் வருவது அதற்கும் குறைவு. வித்தியாசம் எங்கே போகிறது என்று கேட்டேன்.

"என் பையன் இங்கேதான் இரண்டாவது படிக்கிறான், சார். அவனுக்குப் பீஸ் வாங்குவதில்லை. அதைக் கழித்துக்கொண்டு கொடுக்கிறார்கள்" என்றாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். ஐந்து மணிக்கு அவள் வீட்டு வாசற்படியில் ஒன்பது பிள்ளைகள் டியூஷனுக்கு வந்து உட்கார்ந்திருக்கும். தலைக்கு மாதம் முந்நூறு.